பதினேழாம் நம்பர் பஸ் ஏன் தாமதமாக வருகிறது

பதினோராம் வகுப்பில் எங்களுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. அதற்குப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, பாடம் நடத்த ஆளும் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். ஆளுக்கொரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அதைத் துரத்த வேண்டும். வருஷ முடிவில் அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த சூட்டில் ஆரம்பித்தது. அந்த இரண்டு பீரியடையும் பறிகொடுத்த கணக்கு சார் மட்டும், "சும்மா உட்கார்ந்து அரட்டை அடிக்க ஒரு பாடம்" என்று காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்பார்வைக்கு நூலக டீச்சரைப் போட்டார்கள். வேறு யாருக்கும் அந்த நேரம் காலியாக இல்லை, அவ்வளவுதான் காரணம். எதைக் கேட்டாலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "தெரியாதே!" அடக்கத்துக்காகச் சொன்னதில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. "நீ கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு" என்று ஆசையாகக் கேட்பார். முதல் மாதம் அவரைப் பார்த்துச் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விவரம் தெரிந்த மனிதர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன இன்னொருவரைப் பார்க்கவில்லை.

ஒருவன் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டான், கடைசிவரை சேர்க்கவில்லை. ஒருத்தி ரொட்டித் துண்டுகளில் பூஞ்சை வளர்த்து வகுப்பையே நாறடித்தாள். என் பக்கத்து இருக்கைக்காரியின் கேள்வி, கொட்டாவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா என்பது. கணக்கு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டாவி விட்டு, ஆறாவது முறை கணக்கு சாரையே விடவைத்தாள். அன்றிலிருந்து அவள் பெயரே கொட்டாவி. கடிகாரமும் கையுமாகவே திரிந்ததால் நான் மணிக்கூண்டு.

என் கேள்வி: பதினேழாம் நம்பர் பஸ் ஏன் தாமதமாக வருகிறது?

அதை நான் எடுத்ததற்குக் காரணம் அப்பா. அவர் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். அந்தத் தடத்தில் மூன்று டிரைவர்கள், அதில் அப்பாதான் மூத்தவர். வகுப்பில் யார் தாமதமாக வந்தாலும், "சார், பதினேழு லேட் சார்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ நான்தான் வண்டியை வழியில் நிறுத்திவைத்த மாதிரி. ரோஷம் வந்துவிட்டது. அப்பாவின் மேல் தப்பில்லை, சாலை மேலோ சிக்னல் மேலோதான் தப்பு என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டு இந்தக் கூட்டத்தின் வாயை அடைக்கிறேன் என்று கிளம்பினேன். தெரிந்துகொள்ளக் கிளம்பவில்லை, ஜெயிக்கத்தான் கிளம்பினேன். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூட முனையில் ஒரு நிறுத்தம். காலை ஏழு நாற்பது, எட்டு பத்து, எட்டு நாற்பது என்று மூன்று வண்டி வர வேண்டும். அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நீள நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏழரைக்கே போய் நின்றுவிடுவேன். வரும் நேரம், கிளம்பும் நேரம், டிரைவர், ஏறியவர்கள், இறங்கியவர்கள், மழையா வெயிலா என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். நேரத்துக்கு வந்தால் நீல மை, தாமதமானால் சிவப்பு மை.

மழையில் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்ற காலைகள், கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலேறும் சத்தம், முனையில் திரும்பும்போது வண்டியின் வயிறு ஒரு பக்கமாகச் சாய்வது எல்லாம் இன்றும் அப்படியே இருக்கிறது. யாரும் சொல்லாமல், யாருக்கும் பயப்படாமல், எனக்கே எனக்கு என்று ஒரு வேலை. அந்த வருஷம் போல ஒரு வருஷம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அப்பாவின் வண்டி வரும்போது மட்டும் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஆராய்ச்சி நேரத்தில் சொந்தபந்தம் பார்க்கக்கூடாது என்று நானே போட்டுக்கொண்ட சட்டம். அவர் முனை திரும்பும்போதே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் தலையைக் குனிந்தபடி, '8.21, ஹாரன் இரண்டு' என்று எழுதிக்கொள்வேன். அப்படி ஒரு திமிர் எனக்கு.

முதல் மூன்று வாரம் நோட்டு முழுக்கச் சிவப்பு. ஆறு நிமிடம், பதினொன்று, பதினான்கு. நாலாவது வாரத்திலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. ஏழு நாற்பது வண்டி ஏழு நாற்பதுக்கு வந்தது. எட்டு பத்து எட்டு பத்துக்கு. மூன்று டிரைவர்களும் கடிகாரத்தை விழுங்கிவிட்டு வந்தவர்கள் போல வந்தார்கள். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம், ஆறு மாதம். பக்கம் பக்கமாக நீலம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் சந்தைச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். சாலை அகலமானது, வண்டி நேரத்துக்கு வந்தது, தீர்ந்தது விஷயம். பெரிய அட்டையில் நீலமும் சிவப்புமாக ஒரு படம் வரைந்தேன். தலைமையாசிரியர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய், டிப்போ மேலாளரையே அரங்கத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். மேலாளர் அந்தப் படத்தைத் தன் அலுவலகச் சுவரில் மாட்டப்போவதாகப் பதில் எழுதினார். கணக்கு சார்கூட, "பரவாயில்லையே" என்றார். நூலக டீச்சர் மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒரு நாள்கூடவா லேட் ஆகலை?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை. அவளுடன் வேலை பார்க்கும் மருந்துக் கவுண்டர் அக்கா எங்கள் முனைக்கு மூன்று நிறுத்தம் முன்னால் குடியிருந்தாள். "பாவம், அவளுக்கு இந்த மாசம் மூணாவது தடவை மெமோ. பஸ் வர்ற நேரத்துக்குத்தான் வர்றா, அதுக்கு முன்னாடியே பஸ் போயிடுதாம்" என்று அம்மா சொல்வாள். நான், "அந்த அக்கா கடிகாரம் ஓடுதான்னு பார்க்கச் சொல்லும்மா. என் நோட்டுல எல்லாம் கரெக்டா இருக்கு" என்பேன். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அரங்க நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் என் கன்னம் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. கடைவாய்ப்பல். அப்பா ஐந்து மணிக்கே டிப்போவுக்குப் போய்விட்டார். அம்மா என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கிளினிக், முனைக்கு முந்தைய தெருவில், ஒரு பெயின்ட் கடைக்கு எதிரே. அம்மா உள்ளே பெயர் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் வாசலில் நின்றேன். மணி எட்டு ஐந்து.

பெயின்ட் கடைச் சுவரை ஒட்டிப் பதினேழாம் நம்பர் வண்டி நின்றுகொண்டிருந்தது. என்ஜினை அணைத்திருந்தார்கள். உள்ளே ஆட்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் அப்பா, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, கிளம்பலாமா? ஆபீஸுக்கு நேரமாவுது" என்றார்.

"இன்னும் நாலே நிமிஷம். முனையில என் பொண்ணு நிப்பா, டைம் எழுதுவா. சரியா போய் நிக்கணும்."

"அட, அந்த நோட்டுப் பொண்ணா? சரி சரி, இருங்க" என்றார் அந்த ஆள், ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயம் போல.

எட்டு ஒன்பதுக்கு வண்டி கிளம்பியது. முனை திரும்பும்போது இரண்டு ஹாரன் கேட்டது. அங்கே நான் இல்லை.

பல்லை எப்போது பிடுங்கினார்கள் என்றே தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. டிப்போவிலிருந்து பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள். வழியில் நெரிசல் இருந்தால் சரியாக வந்து சேரும். நெரிசல் இல்லாவிட்டால் பெயின்ட் கடைப் பக்கம் ஒதுங்கி நின்று, என் நிமிடத்துக்கு முனை திரும்புவார்கள். மருந்துக் கவுண்டர் அக்காவின் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. நான் எழுதியது பஸ்ஸைப் பற்றியே இல்லை. ஏழு மாதமாக என்னை நானே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் நூலக டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இன்னொன்றும் சொன்னேன். டிப்போவில் தாமதத்துக்கு நூறு சாக்குச் சொல்லலாம், முன்னால் கிளம்பியதற்கு ஒரு சாக்கும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவரை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால் என் பொய் டிப்போ சுவரில் தொங்கும், அந்த அக்கா தினமும் ஓடிக்கொண்டிருப்பாள்.

"நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

"தெரியாதேம்மா" என்றார். முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சந்தோஷமில்லாமல் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "இதுக்காவது ஒரு பதில் சொல்லக்கூடாதா?"

அவர் என் நோட்டை எடுத்துக் காலிப் பக்கங்களைப் புரட்டினார். "இன்னும் பத்து நாள் இருக்கு. நாளைக்கு எந்த ஸ்டாப்புல நிக்கப்போறே?" என்று மட்டும் கேட்டார்.

கொட்டாவியிடம் சொன்னேன். அவள் வகுப்பில் பாதிப் பேரைத் திரட்டினாள். டிப்போ வாசலிலிருந்து கடைசி நிறுத்தம் வரை ஒன்பது இடத்தில் ஒன்பது பேர், மரத்துக்குப் பின்னாலும் கடைக்கு உள்ளேயும் கடிகாரத்தோடு நின்றார்கள். முனையில் என் இடத்தில் கொட்டாவியை நிறுத்தினோம். என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு டிரைவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. எப்படி வரும், நான்தான் ஒரு நாளும் நிமிர்ந்து அவரைப் பார்த்ததில்லையே.

மூன்றாம் நாள் கொட்டாவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "உங்கப்பா என்னைப் பார்த்து ஹாரன் அடிச்சுட்டுச் சிரிக்கிறாருடி. நாளைக்கு வேற யாரையாவது நிறுத்து. என்னால முடியலை."

பத்து நாளில் கணக்கு முடிந்தது. டிப்போவில் பத்து நிமிடம் முன்னால். மூன்றாவது நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் முன்னால். முனையில் மிகச் சரி. முனையைத் தாண்டிய பின் யாரும் அவசரப்படவில்லை, கடைசி நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் தாமதம். பத்து நாளில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவர்கள் எண்பத்தாறு பேர்.

அந்தப் பத்து நாளும் நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல்வலி என்று நினைத்துக்கொண்டு தினமும் ஐஸ்கட்டி வாங்கிவந்து கொடுத்தார். அரங்கத்துக்கு முந்தைய மாலை, அவர் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, பெயின்ட் கடைகிட்ட பார்த்தேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"ஒரு நாள் உன் நோட்டைப் பிரிச்சுப் பார்த்தேன், கண்ணு. டிரைவர்னு போட்ட கட்டத்துல 'அப்பா'ன்னு எழுதியிருந்தே. அதுவும் சிவப்பு மையில. பதினாலு பக்கம் புரட்டினேன், பதினாலும் சிவப்பு. நான் படிக்கிற காலத்துல சிவப்பு மைன்னா ஃபெயிலு. நீ எனக்கு மார்க் போடுறேன்னு நினைச்சேன்." சட்டையின் ஒரு கையை நீவிவிட்டார். "உன்கிட்ட ஃபெயிலாக எனக்குப் பிடிக்கலை. மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன், என் பொண்ணு படிப்புடான்னு. அவங்களும் சரின்னுட்டாங்க."

"என் படிப்பைக் கெடுத்துட்டீங்களேப்பா!" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். மார்க் போடவில்லை, அவர் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் நின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மா உள்ளிருந்து வந்தாள். "நாளைக்கு வாயைத் திறந்தேன்னா உங்கப்பா வேலை போயிடும். தெரியுமில்ல? படிப்பாம் படிப்பு! படத்தைக் கொடுத்துட்டுக் கும்பிடு போட்டுட்டு வா."

"அந்த அக்காவுக்கு மெமோ கொடுக்கிறாங்கன்னு நீதானேம்மா சொன்னே?"

அம்மா இன்னும் கோபமாகப் பாத்திரத்தை நகர்த்தினாள்.

"நான் சொல்லப்போறேன்ப்பா. யார் பேரையும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்பா சட்டையை மறுபடி விரித்து, காலரைத் தடவிச் சரிசெய்தார். "உன் படிப்பு. நீ பார்த்துக்க."

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் டிப்போ மேலாளர். அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியர், கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்துக்கொண்டு. நான் பழைய அட்டையைத் திருப்பிச் சுவரோடு சாய்த்துவிட்டு, புது அட்டையை மாட்டினேன். குரல் நடுங்க ஆரம்பித்துப் பாதியில் சரியாயிற்று. ஏழு மாதம் நான் எழுதியது தவறு என்றேன். ஏன் தவறு என்றேன். ஒன்பது நிறுத்தங்களின் கணக்கைச் சொன்னேன். எண்பத்தாறு பேரைச் சொன்னேன். கடைசியாக, ஆறு மாதம் இந்த வண்டிகள் முனைக்கு நேரத்துக்கு வந்திருக்கின்றன, ஆகவே பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் வர முடியும், அந்தப் பத்து நிமிடத்தை நேர அட்டையிலேயே போட்டுவிட்டால் யாரும் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதில்லை என்றேன்.

கைதட்டல் இல்லை. தலைமையாசிரியரின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மேலாளர் எழுந்தார். "யார் சொல்லி முன்னாடி கிளம்புனாங்க?"

"அது என் கேள்வியில இல்லை, சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "உங்கிட்ட தேதிவாரியா டிரைவர் பேரு இருக்கும். அந்த நோட்டைக் கொடு."

நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தலைமையாசிரியர், "கொடும்மா" என்றார். நூலக டீச்சர் இருக்கையை விட்டு எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தது கண்ணில் பட்டது. அதற்குள் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் சார்." அப்பா. இஸ்திரி போட்ட சீருடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "மத்தவங்க நான் சொன்னதுக்காகச் செஞ்சாங்க. அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி சார். ஒரு நிமிஷம்கூடத் தப்பில்லை."

வேலை போகவில்லை. இருபத்திரண்டு வருஷச் சுத்தமான பதிவேடு காப்பாற்றியது. ஏழு நாள் சம்பளமில்லா விடுப்பு, அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஊர்க்கோடித் தடம். எங்கள் பாடத்துக்கும் தண்டனை கிடைத்தது: இரண்டு பீரியடில் ஒன்றைக் கணக்கு சார் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்றதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நூலக டீச்சர் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தே விட்டாராம். நாலு மாதம் கழித்து நிறுத்தங்களில் புது நேர அட்டை ஒட்டினார்கள். டிப்போ புறப்பாடு பத்து நிமிடம் முன்னால். மருந்துக் கவுண்டர் அக்கா எனக்கு ஒரு பேனா அனுப்பினாள்.

ஆனால் நான் நினைத்துக்கொண்டே இருப்பது அந்த ஏழு நாளில் முதல் நாளைத்தான். காலையில் அப்பா வீட்டில் இருப்பதே எங்களுக்குப் புதுசு. என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர், நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். முனையில் வந்து நின்றோம். டிரைவர்கள் பயந்துபோய்ப் பழைய நேரத்துக்கே கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள். எட்டு பத்து ஆயிற்று, வண்டி வரவில்லை. எட்டு பதினைந்து. அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு நிழலில் இடம் விட்டார். எட்டு இருபது.

"இப்படித்தான் நிக்கணுமா?" என்றார்.

"ஆமாப்பா."

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாள்கூட இங்க நின்னதில்லை." சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எத்தனை நாள் நின்னே?"

"நூத்தி முப்பத்தெட்டு."

எட்டு இருபத்து நாலுக்கு வண்டி முனை திரும்பியது. புது டிரைவர், ஹாரன் அடிக்கவில்லை. குழந்தைக்காரப் பெண் ஏறினாள், எல்லோரும் ஏறினார்கள், வண்டி போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஏற வேண்டியவர்கள் இல்லை, ஆனாலும் நகரவில்லை. அப்பா என் கையிலிருந்த நோட்டை வாங்கி, காலிக் கட்டத்தைத் தேடிப் பிடித்து, என் நீலப் பேனாவை நீட்டச் சொல்லி, வண்டி வந்த நேரத்தைத் தன் கோணல் எழுத்தில் எழுதினார். பிறகு, "சிவப்பு இருக்கா?" என்று கேட்டார்.